மலையிறங்கும் துவிச்சக்கரவண்டியும் அதன் தடுப்பும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் கலிபோர்ணியா மாநிலத்திலே, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பெயர்பக்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரை அடுத்த மலைச்சரிவில் மண்பாதையொன்று ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் 1300 அடி இறங்குகின்றது. 1976ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 21ஆந் திகதி, இளைஞர் சிலர் பருமனான ரயர் பூட்டிய பழைய துவிச்சக்கரவண்டிகளில் அப்பாதை வழியே ஒருவர்பின் ஒருவராக இறங்கினர். இறங்கிய நேரம் கணிக்கப்பட்டது. அன்று முதலிடம் பெற்றவர் அலன் பொண்ட்ஸ் என்பவர். வழியில் விழாது இறங்கியவரும் அவர் ஒருவரே என்பர். சார்ளி கெலி என்பவரின் முயற்சியால் அப்போட்டி பின்னரும் பன்முறை நடைபெற்றது. கேரி பிஷர் என்பார் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது அங்கு நிலைத்த சாதனையாயிற்று.

இப்பாதைக்கு வாய்த்த பெயர் ஈண்டு நோக்கத்தக்கது. அவ்விளைஞரின் வண்டிகளிலே தடுப்பு என்பது பின்சில்லின் குடத்தினுள்ளே அமைந்திருந்தது. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் அது சில்லைப் பற்றும். இரண்டு மைல் இறங்குவதற்குள் குடம் தாங்கொணாதபடி சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் புகையாய் வெளியேறிவிடும். மலையடி சேர்ந்தபின் குடத்தைக் கழற்றிப் புதுக் கிறீஸ் இட்டு நிரப்பினாலன்றி அடுத்த இறக்கத்துக்கு அவ்வண்டி உதவாது. மீள நிரப்புதல் எனப் பொருள்படும் 'றீபக்' என்ற ஆங்கிலச் சொல்லே அதனாற் பாதையின் பெயராயிற்று. மலைத் துவிச்சக்கரவண்டி விளையாட்டின் தொட்டிற் பருவத்திலேயே, தடுப்பின் முதற் பகை வெப்பம் என்பது இவ்வாறு பெயரிலேயே பொறிக்கப்பட்டுவிட்டது.

இன்று அவ்விளையாட்டு பல்கிப் பெருகியுள்ளது. முதல் உலக வாகைப் போட்டி 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்தது. மலையிறக்கம் தனித்ததோர் பிரிவாயிற்று. அதற்கெனத் தனி வண்டியும் உருவாயிற்று. தடுப்போ குடத்தினுள் இருந்து நீங்கிச் சில்லின் பக்கத்தே சுழலும் உருக்குத் தட்டாகவும், அத்தட்டைத் திரவத்தின் அமுக்கத்தாற் கவ்வும் கருவியாகவும் மாறிற்று. இத்தகைய தடுப்புகள் சந்தையிற் பல உள. வாங்குவோரிற் பெரும்பாலார் கேட்கும் வினா, எது மிக வலியது என்பதே. அவ்வினா பிழையன்று, ஆயினும் அது இரண்டாவதாகக் கேட்கவேண்டியது. மலையுச்சியில் விரலுக்குப் பணிந்தவாறே மலையடியிலும் பணியுமா என்பதே முதல் வினா. அதற்கு விடை காண்பதற்கு, இறக்கத்திலே தடுப்பின்மேல் விழும் சுமை எத்துணையது என்பதைக் கணித்தறிதல் வேண்டும்.

ஸ்கொத்லாந்தின் போட் வில்லியம் நகருக்கு அருகே, அயனக் மோர் மலையில் ஓர் இறக்கப் பாதை உண்டு. 2002ஆம் ஆண்டிலிருந்து உலகக்கிண்ணப் போட்டிகள் பலவும், 2007இலும் 2023இலும் உலக வாகைப் போட்டிகளும் அங்கு நடைபெற்றன. பாதையின் நீளம் ஏறத்தாழ 2.8 கிலோமீற்றர்; செங்குத்தாக அது இறங்குவது 555 மீற்றர். ஓட்டுவோனும், அவன் அணியும் காப்புடையும், வண்டியும் சேர்ந்து 100 கிலோகிராம் என்று கொள்க. உச்சியில் அவற்றுக்குள்ள நிலைச்சத்தி, அடியைச் சார்த்தி நோக்குமிடத்து, 100ஐ 9.8ஆலும் 555ஆலும் பெருக்கிவரும் 5,44,000 யூல் அளவினது. அடியில் வந்து நிற்கும்போது இதிற் சிறிதும் எஞ்சியிருப்பதில்லை. முழுவதும் எங்கேனும் வெப்பமாகியே தீரவேண்டும். காற்றின் தடையும், ரயரின் உருளலும், அதிர்வுதாங்கிகளும் ஒரு பங்கை ஏற்கின்றன. மற்றைய பங்கு தடுப்புக்கே உரியது. முதல்தர வீரர் இப்பாதையை ஏறத்தாழ நாலரை நிமிடத்தில் முடிப்பதனால், சத்தி செலவாகும் வீதம் சராசரி 2000 உவாற்று ஆகின்றது.

வேகமாக இறங்குபவனுக்கே தடுப்பு மிகச் சூடாகும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. வேகம் மிகுந்தோனிடமிருந்து காற்று பெரும் பங்கைக் கவர்ந்து கொள்கின்றது. தட்டையும் அக்காற்றே குளிர்விக்கின்றது. அஞ்சி அஞ்சி இறங்கும் புதியவனை நோக்குக. ஐந்து மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் இறங்கும் சரிவில், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தை மீறாதபடி அவன் தடுப்பை இடையறாது பிடித்துச் செல்கின்றான். அவ்வேளை சத்தி செலவாகும் வீதம் 1000 உவாற்றுக்குச் சற்றே மேற்பட்டது. காற்றுத்தடை அவ்வேகத்தில் மிகக் குறைவாதலின், ஏறக்குறைய அவ்வளவும் இரு தட்டுகளுக்கும் உரியதாகின்றது. மின்னடுப்பொன்றின் வெப்பம் கையகலத் தட்டுகள் இரண்டிலே ஓயாது ஊற்றப்படுவது போன்ற நிலை இதுவாம். ஆகவே தேர்ந்த வீரனுக்கே பெருந் தடுப்பு வேண்டும், புதியவனுக்குச் சிறியது போதும் என விற்பனையாளர் சிலர் கூறுவது ஏற்கத்தக்கதன்று.

நெடுங்காலம் துவிச்சக்கரவண்டிகளிற் கட்டைகள் சில்லின் விளிம்பையே அழுத்தின. விளிம்பு அகன்று பெரிதாதலின் வெப்பத்தை ஒருவாறு தாங்கும். எனினும் சேறு பட்டால் அதன் பற்று நழுவும். விளிம்பு சிறிது நெளிந்தால் கட்டை தட்டும். நெடிய இறக்கத்தில் விளிம்பின் வெப்பம் ரயரையும் தாக்கும். ஜேர்மனியின் மகுரா நிறுவனத்தார் 1987இல் திரவ அமுக்கத்தால் இயங்கும் விளிம்புத் தடுப்பை வெளியிட்டனர். மோட்டார் வண்டிகளிலோ திரவத் தடுப்பு இதனினும் மிகப் பழையது. 1921இல் டியூசன்பேர்க் வண்டியின் நான்கு சில்லுகளிலும் அது இடம்பெற்றிருந்தது. 1953இல் லீ மான்ஸ் நகரின் இருபத்துநான்கு மணிநேர ஓட்டத்தில் தட்டுத் தடுப்புப் பூட்டிய ஜகுவார் வண்டி வென்றபின், தட்டின் மேன்மை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. துவிச்சக்கரவண்டிக்கு அது வந்து சேர மேலும் நாற்பதாண்டுகள் சென்றன.

திரவத் தடுப்பின் தத்துவம் பாடசாலை மாணவரும் அறிந்ததே. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் செலுத்திய அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்பது பாஸ்கால் கண்ட விதி. 1795இல் யோசப் பிராமா உரிமை பெற்ற அமுக்கி இவ்விதியின் பயனேயாகும். பரீட்சைக்கென மனனஞ் செய்து மறக்கப்படும் அவ்வமுக்கி, இங்கே கைபிடியின் ஓரத்தில் ஒரு சிறு நெம்பாக அமர்ந்திருக்கின்றது. எடுத்துக்காட்டாக, விரல் 50 நியூற்றன் விசையுடன் நெம்பை இழுப்பதாகக் கொள்க. நெம்பின் நயம் 5 ஆயின், உள்ளிருக்கும் 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள முசலத்தின்மேல் 250 நியூற்றன் விசை விழும். அம்முசலத்தின் பரப்பு 78.5 சதுர மில்லிமீற்றர். ஆதலின் திரவத்தில் எழும் அமுக்கம் சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3.2 நியூற்றன். மறுமுனையிலுள்ள கவ்வியில், தட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 16, 18 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரு முசலங்கள் இருப்பின் அவற்றின் பரப்பு 455 சதுர மில்லிமீற்றர். அவை கட்டையை அழுத்தும் விசை 1450 நியூற்றன் வரை ஆகும். உராய்வுக்குணகத்தை 0.4 எனக் கொண்டு இரு பக்கங்களையும் சேர்த்தால், தட்டைப் பற்றும் விசை 1160 நியூற்றன். 203 மில்லிமீற்றர் தட்டில் இவ்விசை மையத்திலிருந்து ஏறத்தாழ 93 மில்லிமீற்றர் தூரத்தில் தாக்குகின்றது. சில்லின் ஆரையோ 370 மில்லிமீற்றர். எனவே நிலத்திலே வண்டியைத் தடுக்கும் விசை 290 நியூற்றன் அளவில் அமைகின்றது. ஒற்றை விரலின் இழுப்பு ஏறக்குறைய ஆறு மடங்காகி நிலத்தைச் சேர்கின்றது.

கவ்வியினுள்ளே நிகழும் மற்றொரு செயல் அதிகமாகப் பேசப்படுவதில்லை. ஆயினும் இதன் நுட்பம் வியப்புக்குரியது. ஒவ்வொரு முசலத்தையும் சூழ்ந்து சதுர வெட்டுமுகமுடைய றப்பர் வளையம் ஒன்று உண்டு. திரவம் கசியாது காப்பது அதன் ஒரு தொழில். முசலம் முன்செல்லும்போது வளையம் அதனைப் பற்றியவாறே சிறிது சாயும். நெம்பை விட்டதும் தன் பழைய வடிவுக்கு மீண்டு முசலத்தையும் உடன் இழுத்துக்கொள்ளும். இவ்வாறு கட்டை தட்டை விட்டு மயிரிழை அளவு விலகுகின்றது. கட்டை தேய்ந்து, முசலம் செல்லவேண்டிய தூரம் வளையம் சாயக்கூடிய அளவை மீறும்போது, முசலம் வளையத்தினூடே வழுக்கிப் புதிய இடத்தில் நிலைகொள்ளும். நெம்பின் அருகேயுள்ள சேமக்கலத்திலிருந்து அதற்கேற்ற திரவம் இறங்கி இடத்தை நிரப்பும். கம்பியால் இயங்கும் தடுப்பிலே பெரும்பாலும் கையாற் செய்யவேண்டிய திருத்தம் இங்கு தானாகவே நிகழ்கின்றது. சில்லைக் கழற்றி வைத்த நிலையில் நெம்பைப் பிடிக்கலாகாது என்பதன் காரணமும் இதுவே. தட்டு இல்லாதபோது முசலங்கள் தடையின்றி முன்வந்து ஒன்றையொன்று நெருங்கிவிடும். பின்னர்ச் சில்லைப் பூட்டமுடியாது இடர்ப்பட நேரும்.

இனி, வலிமை எவ்வளவு வேண்டும் என்ற வினாவுக்கு வரலாம். தடுப்பு எத்துணை வலியதாயினும், ரயர் நிலத்தைப் பற்றும் அளவுக்கு மேல் வண்டியைத் தடுக்க இயலாது. அவ்வளவை மீறின் முன்சில்லு வழுக்கும். அல்லது பின்சில்லு எழும்பி ஓட்டுவோன் கைபிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவான். புவியீர்ப்பு மையத்தின் உயரம் ஒன்றெனின், அது முன்சில்லு நிலந்தொடும் இடத்திலிருந்து 0.65 பங்கு பின்னே உள்ளதாகக் கொள்க. சமதரையில் இவ்வண்டி பெறக்கூடிய மிகப் பெரிய அமர்முடுகல் புவியீர்ப்பின் 0.65 பங்கு. சரிவு 20 பாகையாகுமிடத்து, அச்சரிவே வண்டியை இழுப்பதனால், அது 0.27 பங்காகச் சுருங்கிவிடுகின்றது. 33 பாகையிலோ ஒன்றுமில்லை. அங்கு ஓட்டுவோன் உடலைப் பின்னே சாய்த்தாலன்றி, உலகிலுள்ள எந்தத் தடுப்பாலும் வேகத்தைக் குறைக்க முடியாது. செங்குத்தான இடத்தை அடையுமுன்பே வேகத்தை அடக்கிக்கொள்ளவேண்டும் என்று பயிற்றுவோர் வற்புறுத்துவது இதனாலேயே.

அவ்வாறாயின் வலிய தடுப்பு எதற்கு? விரலுக்காகவே. மேற்கண்ட எடுத்துக்காட்டிலே, ரயரின் எல்லையை எட்டுவதற்கு விரல் 100 நியூற்றனுக்கு மேல் இழுக்கவேண்டும். பத்துக் கிலோகிராம் நிறையை ஒரு விரலால் தூக்குவதற்கு அது நிகர். ஒருமுறை எளிது, குலுங்கும் வண்டியில் நூறுமுறை அரிது. முன்னங்கைத் தசைகள் இறுகி, விரல் கூப்பவும் விரிக்கவும் மாட்டாத நிலை நெடிய இறக்கங்களில் எவர்க்கும் நேர்வதே. மலையடியின் இறுதி வளைவிலே விபத்து நேர்ந்தால் தடுப்புப் பழுது என்பர். சிலபோது பழுதானது கை. ஆகவே நான்கு முசலத் தடுப்பு இறக்கவண்டிக்கு ஏற்றது. 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரு முசலத் தடுப்போடு ஒப்பிடுகையில், மேற்சொன்ன நான்கு முசலத் தடுப்பின் பரப்பு ஐந்திலொரு பங்கு கூடியது, கட்டையும் நீண்டது. பரப்புக் கூடக்கூட நெம்பு செல்லும் தூரமும் கூடும் என்பதை மறத்தலாகாது. இயற்கை ஒன்றை இலவசமாய் ஈவதில்லை. இக்குறையை நீக்கவே சில நிறுவனத்தார் நெம்பின் நயம் இழுப்பின் தொடக்கத்திற் குறைந்தும் முடிவிற் கூடியும் அமையுமாறு செய்கின்றனர். சிமானோவின் 'சேர்வோ வேவ்' அவ்வகையினது. கட்டை தட்டை விரைந்து சேரும். பின்னர் விசை பெருகும். அதன் பயனாகப் பற்று திடீரெனத் தோன்றுகின்றது என்று சிலர் குறைகூறுவர். ஈரவேர்களும் தளர்ந்த மண்ணும் மிக்க பாதையில் ஓட்டுவோர்க்கு, விசை படிப்படியாய் எழும் தடுப்பே நன்று. இதனைக் கடையில் நின்றவாறு நெம்பை அமுக்கிப் பார்த்து அறிய முடியாது. நண்பர் ஒருவரின் வண்டியைச் சரிவில் ஓட்டிப் பார்த்தே அறியலாம்.

தட்டின் அளவே பெரும்பயன் தருவது. இறக்கவண்டிகளில் 200 அல்லது 203 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டு வழக்கமானது. 220 அல்லது 223 மில்லிமீற்றர்த் தட்டும் உண்டு. 160 மில்லிமீற்றரிலிருந்து 203க்குப் போகும்போது திருப்பம் நான்கிலொரு பங்குக்குச் சற்று மேலாகக் கூடுகின்றது. வெப்பத்தைத் தாங்குவதில் உள்ள வேறுபாடு இதனினும் பெரிது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து அந்த 100 கிலோகிராமையும் நிறுத்தும்போது வெளிப்படும் இயக்கச்சத்தி ஏறத்தாழ 9,650 யூல். அதில் பத்தில் ஏழு பங்கு முன்தடுப்பினது எனின் 6,750 யூல். 203 மில்லிமீற்றர்த் தட்டின் நிறை 200 கிராம் அளவில் இருக்கும். உருக்கின் தன்வெப்பத்தைக் கொண்டு கணித்தால் அதன் வெப்பநிலை ஒரே நிறுத்தத்தில் 67 பாகை செல்சியஸ் வரை ஏறும். 120 கிராம் நிறையுள்ள 160 மில்லிமீற்றர்த் தட்டோ 112 பாகை ஏறும். அடுத்த வளைவு சில விநாடிகளில் வந்துவிடும்; அதற்கிடையில் தட்டு ஆறுவது சிறிதே. மூன்று நான்கு வளைவுகள் அடுத்தடுத்து வரும்போது சிறுதட்டின் நிலை யாதாகும் என்பதைக் கூறவேண்டியதில்லை. விட்டத்தோடு தடிப்பும் நோக்கத்தக்கது. 1.8 மில்லிமீற்றர் பொதுவழக்கு. 2 மில்லிமீற்றரும் 2.3 மில்லிமீற்றரும் உள. தடித்த தட்டு வெப்பத்தை மிகுதியாய் ஏற்பதோடு எளிதில் நெளிவதுமில்லை. ஆனால் அதன் தடிப்புக்கு இடங்கொடுக்கும் கவ்வி தேவை. உருக்கின் இடையே அலுமினியம் வைத்து வெப்பத்தை விரைந்து பரப்பும் தட்டுகளும் உண்டு. அவை மெலிவதற்கு விடப்படாது குறித்த தேய்வெல்லையில் மாற்றப்படல் வேண்டும்.

பெரிய தட்டை வாங்குமுன் வண்டியின் சட்டமும் முற்கவையும் அதற்கு இடந்தருமா என்று பார்த்தல் இன்றியமையாதது. ஒவ்வொரு கவையையும் ஆக்கியோர் அதற்கொரு மேலெல்லை விதித்துள்ளனர். தட்டு பெருக்கக் கவைக்காலில் விழும் விசையும் வேறாகின்றது. அவ்வெல்லையை மீறுதல் உயிரோடு விளையாடுதல். 200 மில்லிமீற்றருக்கும் 203க்கும் இடையில் ஆரையில் ஒன்றரை மில்லிமீற்றர் வேறுபாடு மட்டுமே உளதாயினும், ஒன்றுக்குரிய தாங்கியை மற்றதற்குப் பூட்டினால் கட்டை தட்டில் முழுவதும் படியாது. குடத்தோடு தட்டைப் பொருத்தும் முறையும் இருவகைத்து. 44 மில்லிமீற்றர் வட்டத்தில் ஆறு திருகாணி பூட்டுவது ஒன்று; நடுவிற் பற்களால் இணைத்து ஒரே வளையத்தால் இறுக்குவது மற்றது. குடம் எவ்வகையதோ தட்டும் அவ்வகையதாதல் வேண்டும்.

கட்டை வகை இரண்டு. பிசினோடு நார்களைக் கலந்து ஆக்கியது மென்மையாகவும் ஓசையின்றியும் பற்றும். ஆயின் மிகுந்த சூட்டில் அதன் உராய்வு தளரும், ஈரமணல் அதனை ஒரே நாளில் உண்டுவிடும். உலோகத்துகளை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் இறுகச் செய்தது சூட்டைத் தாங்கும், மழையிலும் சேற்றிலும் நீடிக்கும், கீச்சிடும், முசலத்தினூடாகத் திரவத்துக்கு வெப்பத்தை விரைவிற் கடத்தும். நெடிய, ஈரமான இறக்கத்துக்கு உலோகக் கட்டையே பொருந்தும். விலை குறைந்த தட்டுகள் சிலவற்றிற் பிசின் கட்டைக்கு மட்டுமே உரியது என்று பொறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படியாது உலோகக் கட்டையிட்டவர் தட்டைச் சில நாளில் இழப்பர்.

திரவத்தின் செய்தி விரித்துரைக்கத்தக்கது. ஒருவகை, மோட்டார் வண்டிகளிற் பயன்படும் கிளைக்கோல் சார்ந்த திரவம். அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் நியமத்தால் 'டொட்' என்று பெயர் பெற்றது. மற்றது கனியெண்ணெய். டொட் 4இன் கொதிநிலை புதிதாய் இருக்கும்போது 230 பாகைக்குக் குறையலாகாது, டொட் 5.1இனது 260 பாகை. இத்திரவம் நீரை உறிஞ்சும் இயல்பினது. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்த நிலையில் வேண்டப்படும் கொதிநிலை முறையே 155, 180 பாகையாக இறங்கிவிடுகின்றது. ஆகவே ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறையேனும் அதனை மாற்றுதல் நல்வழக்கம். கனியெண்ணெய் நீரை ஏற்பதில்லை. பல்லாண்டு தன்மை திரியாது. இது நயமே எனினும் ஒரு கேடும் உண்டு. எவ்வாறேனும் உட்புகுந்த நீர்த்துளி அதனோடு கலவாமற் கீழிறங்கி, எல்லாவற்றிலும் தாழ்ந்த இடமாகிய கவ்வியிலேயே தங்கும். வெப்பம் மிகுந்த இடமும் அதுவே. நூறு பாகையில் அந்நீர் ஆவியானால் நெம்பு வெறுமையாய்க் கைபிடியைச் சேரும். டொட் திரவமோ வண்டியின் வர்ணத்தை அரிக்கும்; தோலுக்கும் ஆகாது. ஹோப், ஹேஸ் நிறுவனங்களின் இறக்கத் தடுப்புகள் டொட் திரவத்தையும், சிமானோ, மகுரா நிறுவனங்களினவை கனியெண்ணெயையும் கொள்வன. நெடுங்காலம் டொட்டையே போற்றிய ஸ்ராம் நிறுவனத்தார் 2024இல் வெளியிட்ட மேவன் என்னும் தடுப்பிலே கனியெண்ணெயைக் கையாண்டனர். இவற்றுள் எது சிறந்தது என்ற வாதம் ஓயாதது. நன்கு பேணப்படின் இரண்டும் போதியனவே. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: ஒன்றின் தடுப்பில் மற்றதை ஊற்றலாகாது. இருவகைக்கும் றப்பர் வளையங்கள் வெவ்வேறு. பொருந்தாத திரவம் பட்ட வளையம் வீங்கியோ சுருங்கியோ கெடும். அக்கேடு ஊற்றியவுடன் தோன்றாது, மலைச்சரிவிலேயே தோன்றக்கூடும்.

சூடேறிய தடுப்புத் தளரும் முறையும் இருவேறானது. நெம்பு இறுக்கமாகவே இருந்தும் வண்டி நில்லாது சென்றால், உராய்வு இழந்தது கட்டை. நெம்பே தளர்ந்து கைபிடியைத் தொட்டால், உள்ளே கொதித்தது திரவம், அல்லது காற்றுப் புகுந்துள்ளது. முன்னையதற்கு வேறு கட்டையோ பெரிய தட்டோ மருந்து. பின்னையதற்குத் திரவ மாற்றம். இவ்வேறுபாட்டை அறியாதோர் காற்றகற்ற வேண்டிய தடுப்பைக் கழற்றி எறிந்து, விலையுயர்ந்த வேறொன்றை வாங்குகின்றனர்.

முன்தடுப்பும் பின்தடுப்பும் ஒரே அளவினவாதல் வேண்டுமா என்பதும் வினாவப்படும். விசை பெரிதும் முன்சில்லினது. நிறை அங்கே சாய்வதால் அது இயல்பு. பின்சில்லோ எளிதில் வழுக்குவதால் மென்மையாகப் பிடிக்கப்படுகின்றது. ஆனால் நெடுநேரம் பிடிக்கப்படுகின்றது. வேகத்தைச் சீராக வைத்திருக்கப் பலரும் பின்தடுப்பையே இழுத்தவாறு செல்வதனால், அதன் தட்டு முன்தட்டினும் சூடாதல் அரிதன்று. ஆகவே பின்னே சிறுதட்டுப் போதும் என்பது இறக்கவண்டிக்குப் பொருந்தாது. இரண்டும் 203 ஆதல், அல்லது முன்னே 223, பின்னே 203 ஆதல் தக்கது. ஓட்டுவோன் உடைகளோடு நூறு கிலோகிராமுக்கு அண்மையில் இருப்பானாயின் பின்னையதே நன்று. எந்தக் கைக்கு எந்தத் தடுப்பு என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறுபடும். பிரித்தானியாவில் வலக்கை முன்தடுப்பினது; அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இடக்கை. பிறநாட்டில் வண்டியை வாடகைக்கு எடுப்போர் இதனை முதலிற் கேட்டறியாவிடின், முதல் வளைவிலேயே தலைகீழாய் விழ நேரும்.

விலையைப் பொறுத்தவரை ஒரு செய்தி கூறத்தகும். மிக உயர்ந்த தடுப்பை வாங்கி, அதற்குரிய கட்டையும் திரவமும் காற்றகற்றும் கருவியும் அண்மையிற் கிடையாது வாடுவதினும், இடைத்தரமான நான்கு முசலத் தடுப்பைப் பெரிய தட்டோடும் நல்ல கட்டையோடும் பூட்டி, ஈராண்டுக்கு வேண்டிய கட்டைகளை உடன் வாங்கி வைத்தல் அறிவுடைமை. நெம்பின் மெருகுக்கும் எடை சில கிராம் குறைந்ததற்கும் கொடுக்கும் விலை இறக்கவண்டியில் வீணே. ஏறுவதற்கு மின்வடத் தொட்டில் இருக்கும் மலையிலே எடை யாரை வருத்தும்?

புதிய தடுப்பு பூட்டிய அன்றே இறக்கத்துக்குச் செல்லலாகாது. கட்டையின் பொருள் மெல்லிய படலமாகத் தட்டில் ஒட்டிய பின்னரே முழுப் பற்றும் பிறக்கும். வாகனமில்லாச் சமதரையில், மிதமான வேகத்திலிருந்து நடைவேகம் வரை ஏறத்தாழ இருபது முறை, பின் சற்றே கூடிய வேகத்திலிருந்து பத்து முறை, முற்றாக நிறுத்தாமலும் சில்லை வழுக்கவிடாமலும் தடுப்பைப் பிடித்துப் பிடித்து விடல் வேண்டும். அப்போது கட்டையிலோ தட்டிலோ எண்ணெய்த்துளி ஒன்று பட்டிருந்தாலும் பயனில்லை. சங்கிலிக்கு எண்ணெய் விடுபவர் பின்தட்டைத் துணியால் மூடிக்கொள்வது நன்று. வண்டியைக் கவிழ்த்தோ கிடத்தியோ கொண்டுசென்றால் சேமக்கலத்திலுள்ள சிறு காற்றுக்குமிழி குழாயினுள் நழுவிவிடும். நிமிர்த்திச் சற்றுநேரம் வைத்து நெம்பைப் பலமுறை மெல்ல அமுக்க, அது மீண்டும் மேலேறும். மலையுச்சியில் தொட்டிலிலிருந்து வண்டியை இறக்கியதும் இரு நெம்புகளையும் பிடித்து, அவை காலையில் நின்ற இடத்திலேயே நிற்கின்றனவா என்று பார்ப்பதற்கு இரண்டு விநாடி போதும். நில்லாதது கண்டால், அதே தொட்டிலில் ஏறிக் கீழே வருதலே வழி.